நான்காம் படுக்கை

குத்தாயிசியில் ஜனவரி.
விடியற்காலை மூன்றேகாலுக்கு
மகளின் காய்ச்சல் இறங்கியது.

"மருந்து" என்றேன் நான்.
கண்ணாடித் தட்டில் அந்தக் கிருமியை
வளர்த்தவள் நான்,
பெயர் கண்டவள் நான்,
எந்த மருந்துக்குச் சாகும் என்று
எழுதிக் கொடுத்தவளும் நானே.

"மெழுகுவர்த்தி" என்றான் மல்ஹாஸ்.
தேவாலய மணிக்கயிறு இழுத்துக் காய்த்த கை,
நகக்கண்ணில் இன்னும் மெழுகு.

பதினோரு வருடச் சண்டை.
அன்று இருவருமே ஜெயித்திருந்தோம்.
பெருமை தாங்காமல்
குரல் உயர்ந்தது நடைகூடத்தில்.
நர்ஸ் வந்து
பக்கத்துப் படுக்கையைக் கண்ணால் காட்டினாள்.

ஒதாரின் பையன்.
அதே கிருமி.
அதே மருந்து, எடைக்குத் தக்க அளவு.
மல்ஹாஸ் ஏற்றிய அதே மணல்தட்டில்
அவன் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி.
ஐந்தரைக்கு முகத்தை மூடினார்கள்.

என்னிடம் காரணங்கள் இருந்தன:
தாமதம், சிறுநீரகம்,
எந்த மருந்துக்கும் உள்ள
அந்தச் சில சதவிகிதம்.
அவனிடம் ஒன்றே ஒன்று: சித்தம்.
நாக்கு நுனிவரை வந்ததை
இருவரும் விழுங்கினோம்.

ஒதார் எங்களிடம் எதையும் கேட்கவில்லை.
இரவல் வாங்கிய பிளாஸ்கைக்
கழுவி, துடைத்து,
மூடியை இறுக்கித் திருப்பித் தந்தான்.
"கொஞ்சம் வாசம் இருக்கும்" என்றான்.
"அவனுக்குப் புதினா போட்டேன்."

மூன்று குளிர்காலம் ஆயிற்று.
அதில்தான் இன்னும் தேநீர்.
"போயே போய்விட்டது" என்கிறான் மல்ஹாஸ்.
இருக்கிறது,
மோந்து பார் என்கிறேன்
நான்.