கேட்டுச்சா

பன்னிரண்டாம் மைலில் போன் செத்துப்போகும்.
இருபதில் கலங்கரை விளக்கு தண்ணீருக்குள் இறங்கிவிடும்.
அதற்கப்பால் கடலூர் என்பது
தனவதியின் குரல்.

முதுநகர் டீசல் பங்கில் கணக்கெழுதுகிறவள்.
போனில் வந்த வானிலை அறிக்கையை
கால்புள்ளிக்கு நின்று, முற்றுப்புள்ளிக்கு மூச்செடுத்து
வயர்லெஸ்ஸில் வாசிப்பாள்,
வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற பிள்ளை மாதிரி.
அவள் செட்டு எட்டுவது முதல் படகுவரை.
முதல் படகு இரண்டாவதுக்குச் சொல்லும்.
இரண்டாவது எனக்கு.

நாற்பத்தோராம் மைல். கார்த்திகை இருட்டு.
வலை பாதி தண்ணீரில்.
காற்றே இல்லை. எஞ்சின் புகைகூட
போக இடமில்லாமல் தலைமேலேயே நிற்கிறது.
கொண்டல் அடிக்கவேண்டிய மாசத்தில்
இப்படியொரு நல்லபிள்ளை அமைதி
யாருக்கும் பிடிக்கவில்லை,
யாரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை.

அப்போது செட்டு கரகரத்தது.
"தாழ்வு மண்டலம்... தென்கிழக்கே... எழுபத்தஞ்சு..."
இரண்டாம் படகு கோதண்டபாணி.
அவன் எண்ணில் எப்போதும் பத்து கூடும்;
மகன் கூட வருகிறான், அதனால்.
முதல் படகு சிகாமணி ஐந்து குறைப்பான்;
படகு கடனில் ஓடுகிறது, அதனால்.
கூட்டிக் கழித்து
தனவதி வாசித்தது எழுபது என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்பால் ஒரே ஒரு படகு.
தேசிங்கு.
என் தங்கையைக் கட்டியவன்.
சுருக்குமடிப் பஞ்சாயத்தில் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்;
பத்தொன்பது மாசமாகப் பேச்சில்லை.
அவன் பிள்ளைக்கு மொட்டையடித்ததை
வாட்ஸ்அப்பில் பார்த்தேன்.
அவன் செட்டுக்கு எட்டுகிற தூரத்தில்
இந்த ராத்திரி என் வாய் மட்டும்தான்.

பொத்தானை அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன்.
பேர் சொல்லிக் கூப்பிடவில்லை,
மாப்ளே என்றும் இல்லை.
"தென்கிழக்கு. எழுபது. நாளை ராத்திரிக்குள்ள.
கரை திரும்பச் சொல்றாங்க."
இரண்டு தடவை சொன்னேன்,
கூட்டாமல், குறைக்காமல்.
"கேட்டுச்சா."

கரகரப்பு.
அதற்குள் யாரோ மூச்சு விடுவது மாதிரி இருந்தது,
அலையாகவும் இருக்கலாம்.
பிறகு அவன் குரல், முன்பைவிடத் தடித்து:
"நீ திரும்புறியா?"

காற்றைக் கேட்கவில்லை, திசையைக் கேட்கவில்லை,
யார் சொன்னதென்றும் கேட்கவில்லை.

நான் இன்னும் முடிவே செய்திருக்கவில்லை.
ஐஸ் நாலு நாளைக்குக் கிடக்கிறது.
கயிற்றில் கை வைத்தால் தெரிகிறது,
வஞ்சிரம் முட்டுகிறது.
அறுபத்தெட்டாயிரத்துக்கு டீசல்.
ஏழு பேர் என் முதுகையே பார்க்கிறார்கள்.

"திரும்புறேன்"
என்று சொன்ன பிறகுதான்
திரும்பினேன்.

வலை வாங்க மூன்று மணி நேரம்.
கடைசித் துண்டு ஏறும்போது முதல் காற்று வந்தது,
கன்னத்தில் ஈரத்துணி வைத்தாற்போல.
பின்னால், வெகு பின்னால்,
ஒரு பச்சை, ஒரு சிவப்பு.
பச்சை மட்டும் தெரிந்தால் அவன் வேறெங்கோ போகிறான்.
சிவப்பு மட்டும் என்றாலும் அப்படித்தான்.
இரண்டும் சேர்ந்து தெரிந்தால் என் பக்கம் வருகிறான்.
விடியும்வரை அடிக்கடி திரும்பி எண்ணினேன்:
இரண்டு. இரண்டு.
ஒன்று.
இரண்டு.

முகத்துவாரத்தில் மண் மேடிட்டிருந்தது;
அலை பார்த்து நுழைந்தோம்.
கம்பத்தில் மூன்றாம் எண் கூண்டை
ஒருவர் அப்போதுதான் ஏற்றிக்கொண்டிருந்தார்.
தேசிங்கு மூன்று படகு தள்ளிக் கட்டினான்.
இந்தப் பக்கம் பார்க்கவில்லை.
நானும் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனவதி பங்கு வாசலில் நின்று
வந்த படகுகளை நோட்டில் குறித்தாள்.
"எழுபதுதானே வாசிச்சே?" என்றேன்.
"அறுபது," என்றாள், தலை நிமிராமல்.
"ஏன், வேற மாதிரி கேட்டுச்சா?"