இரண்டு கரண்டி தேன்

வெள்ளிக்கிழமை ஹலினா வருவாள்.
பதினான்கு வயது. ஆகஸ்டிலிருந்து
பால் இல்லை, முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை.
அவள் அம்மா அனுப்பிய தகவல், ஒரே வரி.

கண்ணாடி ஆலையில் இரவு வேலை முடித்து
டொலிடோவின் கடையொன்றில் நின்றேன்.
சாக்லேட் உறைகளின் முதுகில் எறும்பெழுத்து.
ஏழாவதில்தான் பால்பொடி இல்லை.

பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து
ஓட்ஸ் மாவோடு மசித்தேன்.
சர்க்கரை ஒரு சிட்டிகையும் போடவில்லை.
பிறகு வேர்க்கடலை வெண்ணெய்,
பெயரில் மட்டும் வெண்ணெய்.

ஒரு சொட்டு நீர் விழுந்து
உருகிய சாக்லேட் மணலாய்த் திரிந்தது.
குப்பையில் கொட்டினேன். மறுபடி உருக்கினேன்.
தோய்த்தெடுத்த ஒவ்வொரு உருண்டைக்கும்
உச்சியில் கொஞ்சம் மூடாமல் விட்டேன்,
ஒஹாயோவின் பக்கைக் கொட்டைக்கு
ஒரு கண் இருக்குமே, அப்படி.

ஹெட்போனைக் கழற்றாமலே ஒன்றை எடுத்தாள்.
வாய்வரை போயிற்று.
"இனிப்புக்கு என்ன போட்டீங்க?"
பேரீச்சை என்றேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"ரெண்டு கரண்டி தேனும்."

உருண்டை தட்டுக்குத் திரும்பியது.
"அது தேனீயோடது, அப்பா."
கோபமாகச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

(இருபத்துமூன்றை ஆலைக்குக் கொண்டுபோனேன்.
வென்டெல் மட்டும் ஒன்பது தின்றான்.)

அவள்தான் அலமாரிகளைத் திறந்து பார்த்தாள்,
மேப்பிள் பாகு எங்கேயாவது இருக்குமா என்று.
இல்லை.
இரவு பத்தரைக்குக் காரை எடுத்தேன்.
பக்கத்து இருக்கையில் ஹலினா,
ஒரு காதில் மட்டும் பாட்டு.

மற்றக் காதுக்கு என்ன சொல்வதென்று
இரண்டு சிக்னல் தாண்டியும் யோசித்துக்கொண்டிருந்தேன்.