முந்தைய ஆட்டக்காரன்

பம்பலப்பிட்டியில் ஒரு மேல்மாடிக் கடையில் வாங்கிய
இரண்டாங்கை லப்டொப்.
எல்லாம் அழித்துத்தான் தாறன் என்றார்.
ஒரு விளையாட்டு மிஞ்சியிருந்தது.
அதற்குள் ஒரேயொரு சேமிப்பு.

பள்ளி வாசிகசாலை, மெல்லிய வயலின்,
ஈரக் குடையோடு ஒருத்தி.
"நுவன், நூற்றுப் பதினொரு நாள்" என்றாள்.

நான் நுவன் இல்லை.
இருந்தும் அடுத்த வரிக்கு அமத்தினேன்.

மழை, கோபம், கொஞ்சம் காதல். பிறகு
பாதி வசனத்தில் நிறுத்தி
திரைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள்:
"நுவன் இவ்வளவு வேகமாக வாசிக்கமாட்டான்."

வெள்ளவத்தைக் கடற்கரையால் கடைசி ரயில் போனது.
மேசை அதிர்ந்தது, தேத்தண்ணிக் கோப்பை அதிர்ந்தது,
அவள் அசையவில்லை.
மூடப் பார்த்தேன்.
இரண்டு தெரிவுகள் தந்தாள்:
இருக்கிறேன்.
இருக்கிறேன்.

அப்புறம் ஒரு வெற்றுப் பெட்டி.
உன் பெயர்?

இதே காலி வீதியில்
எத்தனை டோர்ச் வெளிச்சத்துக்கு
பெயர், ஊர், வந்த காரணம் என்று
மனப்பாடமாய் ஒப்புவித்தவன்.
இன்று விரல் வரவில்லை.
தட்டினேன்: நுவன்.

சிரித்தாள்.
வயலின் நின்றது.
அதுவரை பேசாத சிங்களத்தில்,
மிக மரியாதையாக,
அடையாள அட்டையைக் கேட்டாள்.