எண்பத்தேழில் ஒன்று

மரே தீசன், உங்களை எனக்குத் தெரியாது.
உங்கள் கட்டைவிரலைத் தெரியும்.
நான்காம் நிமிடத்தில் அது வானத்திலிருந்து இறங்கி
தடம் புரண்ட பெட்டியை
நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறது.
நகத்தில் பச்சைப் பெயின்ட்.
அந்த இடத்தை நீங்கள் வெட்டி எறியவில்லை.
அதனால்தான் மேற்கொண்டு பார்த்தேன்.

பிகர் ஊர், ரயில்காரர்கள் தங்கும் விடுதி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சுவருக்கு அந்தப் பக்கம் லைலின் குறட்டை,
ஏற்றத்தில் திணறும் டீசல் போல.
போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்து
காலுறையைக்கூடக் கழற்றாமல் பார்க்கிறேன்.
நாளெல்லாம் ரயில் ஓட்டிவிட்டு
ராத்திரி ரயில் பார்க்கிறாயே என்பாள் என் தங்கை.
சொல்லிக்கொள்ளட்டும்.

கேமராவைத் தட்டைப் பெட்டியில் கட்டிவிட்டிருக்கிறீர்கள்.
உங்கள் பேஸ்மென்ட் முழுக்க
என் கண் தரையோடு தரையாகப் போகிறது.
இட்லி சோடாவில் பனி.
காலை உணவு டப்பாவின் அட்டையில் தானியக் கிடங்கு;
உற்றுப் பார்த்தால் பெயின்டுக்கு அடியில்
ஒரு முயலின் காது தெரிகிறது.
பெட்டிகளில் கசகசா.
கோதுமை என்று நம்பச் சொல்கிறீர்கள், நம்புகிறேன்.
சஸ்காச்சுவானில் மலை ஏது?
வெந்நீர் பாய்லரை மறைக்க
ஒன்று தேவைப்பட்டது என்று
நீங்களே இருமிக்கொண்டே ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஹாரனுக்குக் கருவி வாங்கவில்லை.
வாயாலேயே ஊதுகிறீர்கள்.
நீளம், நீளம், குட்டை, நீளம்.
கடைசி நீளத்தை
எஞ்சின் சாலையை மூடும்வரை பிடிக்கிறீர்கள்,
மூச்சு முட்ட.
பாதிப் பேருக்கு இது தெரியாது, தீசன்.
எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த இடத்தில்தான்
கேட் இல்லாத லெவல் கிராசிங்.
ஒரு சிவப்பு டிரக் நிற்கிறது.
உள்ளே ஒருவன், கடுகளவு தலை,
முகம் வரையவில்லை.
"டிரக்கைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன்,
நகராது, மன்னிக்கவும்" என்கிறது உங்கள் குரல்,
"அடுத்த தடவை ஓட வைக்கப் பார்க்கிறேன்."

என்னுடையது நீல நிறம்.
பிப்ரவரி, மாலை, வெயில் அவன் கண்ணுக்கு நேராக.
பன்னிரண்டாயிரம் டன் எனக்குப் பின்னால்.
பிரேக் போட்ட இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவில்
ஒன்றரை மைல்.
நீளம், நீளம், குட்டை.
நாலாவதை என் கை
இன்னும் விட்டபாடில்லை.
விசாரணையில் என்மேல் தவறில்லை என்று
இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள்.
பத்திரமாக வைத்திருக்கிறேன்,
எங்கே என்று மறந்துவிட்டது.

பின்னால் தள்ளிப் பார்க்கிறேன்.
ரயில் வருகிறது, டிரக் நிற்கிறது.
மறுபடி.
டிரக் நிற்கிறது.
உங்கள் உலகில் எல்லாம் எண்பத்தேழில் ஒன்று:
மரம், கம்பம், நாய், ரயில்.
அந்தக் கணக்குக்குள் வராதவை இரண்டுதான்,
உங்கள் கட்டைவிரலும்
அவன் காத்து நிற்கிற நேரமும்.

பாராட்ட வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன்.
வளைவுகள் அழகு. துரு அபாரம்,
மழைநீர் வழிந்த கோடுவரைக்கும்.
சிக்னல் கம்பம் கொஞ்சம் உயரம், பரவாயில்லை.
ஆனால் சொல்ல வந்தது பசையைப் பற்றி.
தயவுசெய்து அதைச் சுரண்டாதீர்கள்.

நாலு நாற்பதுக்கு அழைப்பு வந்தது.
உரப் பெட்டிகள், நூற்றுப் பதினெட்டு, மேற்கே.
பேசி முடித்துத் திரும்பினால்
படம் பாதியில் நின்றிருக்கிறது,
உங்கள் எஞ்சின் சரியாகச் சாலை நடுவில்.
லைல் கதவைத் தட்டினார்.
ஒரு நிமிஷம் என்றேன்.
கடைசிப் பெட்டி தாண்டும்வரை ஓடவிட்டு
அப்புறம்தான் பூட்ஸைத் தேடினேன்.