ஒட்டகத்தின் பின்பாதி

நிகழ்ச்சி நிரலில் பதினொன்றாவது:
'பாலைவனத்தில் ஒரு நாள்', மூன்றாம் வகுப்பு, ஈ பிரிவு.
அதில் என் மகள் ஒட்டகத்தின் பின்பாதி.

முன்பாதியாவது கேட்டிருக்கலாம் என்று
ஒரு வாரமாகப் புலம்பினாள் ஜெசிந்தா.
அக்சா அசரவில்லை.
வால் பின்பாதிக்குத்தான் இருக்கிறது என்றாள்.
கயிற்றை இழுத்தால் ஆடுமாம்.
இழுக்கப்போவது அவளாம்.
அதற்குமேல் பேச எங்களிடம் ஒன்றுமில்லை.

சோகாரிலிருந்து மஸ்கட் இருநூறு கிலோமீட்டர்.
ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்த ரொமுலோவுக்கு
ஒரு வெள்ளிக்கிழமை கடன்.
பர்கா நெரிசலில் முக்கால் மணி நேரம்.
பார்க்கிங்கில் இடமில்லை என்று
மணல்மேட்டில் வண்டியை ஏற்றிவிட்டு ஓடிவந்தேன்,
பூட்ஸில் அலுமினிய ஆலையின் சாம்பலோடு.

எனக்கு முன்னால் கைகள், கைகளில் போன்கள்.
ஒவ்வொரு போனிலும் ஒரு குட்டி மேடை.
நாற்பது மேடைகளைத் தாண்டி எங்கோ
அசல் மேடை.

ஐந்தாவது, சேர்ந்திசை.
ஜெபின் கடைசி வரிசை, ஓரம்.
பேரீச்சை மரத்தைப் பற்றி அரபியில் இரண்டு சரணங்கள்.
வாய் திறக்கிறது, மூடுகிறது, எல்லாரோடும் சரியாக.
மூன்றாவது வரியில் கண்டுபிடித்துவிட்டேன்:
அவன் பாடவில்லை.

நீ சும்மா வாயசை என்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
மூன்று வாரமாக, இரவு போனில்,
"ப்ராக்டிஸ் நல்லா போகுதுப்பா."

எனக்குத் தெரியும் அந்த வேலை.
ஆலையில் ஞாயிறு காலைக் கூட்டத்தில்
பாதுகாப்பு உறுதிமொழியைப் பதினேழு வருடமாக
நானும் இப்படித்தான் எடுக்கிறேன்.
ஒரு சொல்கூடத் தவறி வெளியே விழாமல்
பார்த்துக்கொள்வது
லேசான காரியமில்லை.

பாட்டு முடிந்ததும் தட்டினேன், உள்ளங்கை எரிய.
அத்தனை கைகளில் அவனுக்கு எது என்னுடையது என்று
எப்படித் தெரியும்?

எட்டரைக்கு ஒட்டகம் வந்தது.
பழுப்புக் கம்பளிக்கடியில் நான்கு கால்கள்.
முன்கால்கள் ஊற்றுக்குப் போக,
பின்கால்களுக்கு வேறு யோசனை.
நிற்கும்போதெல்லாம் இடது பின்கால்
வலது கெண்டைக்காலைச் சொறிந்தது.
முகம் எதற்கு?

பக்கத்து இருக்கையில் நர்ஸ் உடுப்புக்குமேல்
ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்.
"உங்க குட்டி எது?"
"ஒட்டகத்தோட பின்னாடி."
போனைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.
"முன்னாடி என்டேது. நஷ்வா."
ஒரே ஒட்டகத்துக்குப் பங்காளிகள் நாங்கள்.
அவளுடைய பைக்குள்ளிருந்து
ஒரு ஏலக்காய் மிட்டாய் என் கைக்கு வந்தது.

தலைப்பா கட்டிய பையன் ஒருவன்
தண்ணீரின் அருமையைக் கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.
அப்போதுதான் வால் எழுந்தது.
இடம், வலம். பிறகு முழு வட்டம்.
திரை ஓரத்திலிருந்து டீச்சர் கையைக் காட்ட
கம்பளிக்குள் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்?
அரங்கமே சிரித்தது. பையனும் சிரித்துவிட்டான்.
ஒட்டகத்தின் தலை திரும்பி,
யார் இந்த வேலையைச் செய்வது என்று
தன் வாலையே பார்த்தது.
நர்ஸ் அழுதேவிட்டாள், சிரித்து.

வாதி கபீர் போகும் வழியில்
அக்சா பின்சீட்டில் தூங்கிப்போனாள்,
வியர்வையில் ஒட்டிய முடி, கையில் வால்.
திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களா என்று
யாரும் கேட்கவில்லை.
ஜெசிந்தா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவளும் கவனித்திருப்பாள் போல.

ருவி சிக்னலில் நின்றபோது
முன்னறிவிப்பில்லாமல் ஆரம்பித்தான் ஜெபின்.
அதே பேரீச்சை மரம்.
முழுத் தொண்டையில்.
ஒரு சொல் பிசகவில்லை.
சுருதி மட்டும்
எங்கெங்கோ போய்விட்டு வந்தது.
டீச்சர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

பச்சை விழுந்தது.
இரண்டாவது சரணம் பாக்கி இருந்ததால்
நான் நகரவில்லை.
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.
அதுவும் சுருதியில் இல்லை.