இருட்டு குராங்

வாங்கும்போதே பூத்திருந்த செவ்வந்தி.
இரண்டாம் வருஷம் இலை. இலை. மேலும் இலை.
யூரியா போட்டேன், மீன் கழுவின தண்ணீர் ஊற்றினேன்,
திட்டியும் பார்த்தேன்.
நர்சரிக்கார ஆ செங் ஓர் இலையைப் புரட்டிவிட்டு
'இருட்டு குராங்' என்றான்.

தண்ணீர் பற்றாமல் போகும், எரு பற்றாமல் போகும்,
சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல் பற்றவே பற்றாது.
இருட்டு பற்றாமல் போகும் என்று
அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

உண்மைதான்.
ரெலாவில் என் பதினோராம் மாடி பால்கனிக்கு
ராத்திரி வருவதேயில்லை.
கார் பார்க்கின் வெள்ளை விளக்கு,
கீழே மாமாக் கடையின் டியூப்லைட்,
எதிர் கொண்டோவின் பெயர்ப்பலகை;
அதன் பெயரில் ஒரு நிலா உண்டு.
பகல் முடிந்ததென்று செடி எப்படி நம்பும்?
பன்னிரண்டு மணி நேரம் வேண்டுமாம்,
நடுவில் ஒரு மின்மினிகூட இல்லாமல்.

பன்னிரண்டு மணி நேரம் எனக்குத் தெரிந்த கணக்கு.
பாயான் லெப்பாஸில் ராத்திரி ஷிப்ட், ஏழுக்கு ஏழு,
எல்.இ.டி. சோதிக்கும் வேலை.
ஒவ்வொன்றும் ஒருமுறை கண் சிமிட்டும்.
எரிந்தால் இந்தத் தட்டு, எரியாவிட்டால் அந்தத் தட்டு.
எதிர் கொண்டோவின் நிலாவும்
என் கையில் தேறிப் போனதாக இருக்கலாம்.

அலமாரியைக் காலி செய்தேன்.
சேலைகள் கட்டிலுக்கு அடியில்.
சாவித் துவாரத்துக்குக் கறுப்பு டேப்,
கதவிடுக்குக்குக் குப்பைப் பை,
புழுங்காமலிருக்க ஒரு குட்டி விசிறி.
ஆறே முக்காலுக்குத் தொட்டியை உள்ளே வைத்துச் சாத்துவேன்,
கீழே பஸ் ஹாரன் அடிக்கும்.
காலையில் வந்து அதை வெயிலில் வைத்துவிட்டு
நான் படுக்கப் போவேன்.
என் ஜன்னலிலும் அதே குப்பைப் பைதான்.
ஒரே இருட்டை இரண்டு பேர்
மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டோம்.

இருபத்து மூன்றாம் ராத்திரி. எனக்கு லீவு.
ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்:
கறுப்பு ஜன்னல்,
விடிய விடிய விசிறிச் சத்தம்,
தனியாக இருக்கிற பொம்பளை.
சார்ஜன் என் அட்டையை வாங்கி
'ரஞ்சிதம், ஆனாக் பெரம்புவான் குப்பண்ணன்'
என்று முழுசாய்ப் படித்தார்.
கஞ்சா என்று சொல்லும்போது
என் கழுத்தைப் பார்த்தார் என்றே
இப்போதும் நினைக்கிறேன்.

'அலமாரியைத் திற.'
பயத்தில் புத்தி எங்கே போகிறது பாருங்கள்,
'காலையில் ஏழு மணிக்குத் திறக்கிறேன், துவான்' என்றேன்.
சின்னப் போலீஸ்காரன் சிரித்தேவிட்டான்.

டார்ச் அடித்தார்கள்.
ஒரு நிமிஷம் இருக்குமா?
இலை, தண்டு, இலைக்கு அடி.
சார்ஜன் மண்ணில் விரல் விட்டு முகர்ந்தார்.
'பூங்ஙா?'
அவர் மொழியில் அது பூ.
என் காதில் பூங்கா என்று விழுந்தது,
ஒரு மொட்டும் இல்லாத
ஒன்றரை அடி அகலப் பூங்கா.
'பூங்ஙா கெக்வா, துவான்.
டார்ச்சை அணையுங்கள்,
அது எண்ணிக்கொண்டிருக்கிறது.'

ஏன் அணைத்தார்கள் என்று தெரியாது.
மூன்று பேரும் அலமாரி முன்னால் நின்றோம்.
விசிறி ஓடியது.
சார்ஜன் தோளில் வாக்கிடாக்கியின் பச்சைப் புள்ளி.
அதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

தீபாவளிக்கு ஐந்து நாள் பிந்திப் பூத்தது, மஞ்சளாய்.
டார்ச் பட்ட பக்கத்துக் கிளைகள் மட்டும்
இன்னும் மொட்டுக்கே யோசித்துக்கொண்டிருந்தன.
ஒரு கொத்தை வெட்டி
பக்கத்து வீட்டு மிஸஸ் டேயிடம் நீட்டினேன்.
'இது கல்லறைக்கு வைக்கிற பூவாச்சே,
செங் பெங்குக்கு இன்னும் ஐந்து மாசம் இருக்கே' என்றாள்.
ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.
விசிறிச் சத்தத்தைப் பற்றி
ரெண்டு பேரும் பேசவில்லை.