கோடு இறங்கிய ஆண்டு

லிம் சூ காங்கில் ஒரு பண்ணை மூடிய ஆண்டு
என் வரைபடத்தில் கோடு சரிந்தது.
"நல்லா இறங்கியிருக்கே" என்றாள் ஷியூ பெங்,
காப்பிக் கோப்பையால் திரையைத் தொட்டு.

கோழிகளை எண்ணுகிறவன் நான்.
தீவனம், மின்விசிறி, எருவிலிருந்து எழும் ஆவி
எல்லாவற்றையும் கரியமிலக் கிலோவாக்கி
முட்டைக்கு இவ்வளவு என்று
ஆண்டுவாரியாய்க் கட்டங்களில் அடைப்பேன்.
உயிரோடு ஒரு கோழியைப் பார்த்து
எத்தனை வருடம் இருக்கும்?

விடிகாலை உட்லண்ட்ஸ். பாலத்தில் லாரிகள்.
தட்டுத் தட்டாய் முட்டைகள்
ஒன்றுகூட உடையாமல் நீரிணை தாண்டுகின்றன.
அவற்றுக்காக விடப்பட்ட மூச்சு மட்டும்
அக்கரையிலேயே இறங்கிக்கொள்கிறது,
கடவுச்சீட்டு இல்லாததுபோல.

காப்பிக்கடையில் அரைவேக்காடு இரண்டு.
சோயா, வெள்ளை மிளகு.
கரண்டி நுனியால் தட்டப் போனேன்:
ஓட்டில் சிவப்பு மையில் பண்ணை எண்.
என் அட்டவணையில்
அந்த எண்ணுக்கு நிரல் இல்லை.
தட்டினேன். பசி.

மாலை அறிக்கை போக வேண்டும்.
கோட்டின் சரிவுக்குக் கீழே
பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
இறக்குமதி நீங்கலாக.
அவள் அதைப் படிக்கவில்லை.
என் சட்டைப் பையோரம்
காய்ந்திருந்த மஞ்சள் கருவைக் காட்டி
"துடைச்சுக்கோ" என்றாள்.